கால்குலேட்டரில் 30.99, எக்செல்லில் 31.00

கேள்வி: கடைக் கணக்கை எக்செல்லில் போடுகிறேன். தலா 206.66 ரூபாய்க்கு மூன்று பொருள், 5 சதவீத ஜி.எஸ்.டி. மூன்றுக்கும் வரி 10.33 என்றுதான் காட்டுகிறது. மொத்தம் மட்டும் 31.00. கால்குலேட்டரில் கூட்டினால் 30.99. சாஃப்ட்வேர் விற்பவர் ‘துல்லியமான’ புரோகிராம் ஒன்றை வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் உண்மையான வரி 10.333. இரண்டு தசமம் போதும் என்று நீங்கள் சொன்னதால் திரையில் 10.33 தெரிகிறது, செல்லுக்குள் 10.333 அப்படியே இருக்கிறது. மூன்றையும் கூட்டினால் 30.999. அதுதான் 31.00 ஆகக் காட்சி தருகிறது. வரி கணக்கிடும் ஃபார்முலாவை ‘ரவுண்ட்’ ஃபங்ஷனுக்குள் போட்டு 2 என்று கொடுங்கள், 30.99 வந்துவிடும். ஒவ்வொரு பொருளுக்கும் முழுமையாக்குவதா, மொத்தத்திலா என்பதை ஆடிட்டரிடம் கேளுங்கள். மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 170-வது பிரிவு 50 பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் அடுத்த ரூபாய் என்கிறது. அதைக் கடைக்காரருக்குப் புரிகிற மாதிரி எழுதி வைக்கத்தான் ஆளில்லை.

டிஜிட்டல் என்றாலே துல்லியம் என்ற நம்பிக்கையை வைத்துத்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. நகரும் அளவுகோலை வைத்துக் கணக்குப் போடும் பழைய ஸ்லைடு ரூலில் ஏறக்குறைய மூன்று இலக்கம்தான் படிக்க முடியும்; தோராயம் என்பது கண்ணுக்கே தெரியும். கம்ப்யூட்டரிலும் தோராயம் உண்டு, 15 இலக்கம் தள்ளி ஒளிந்திருக்கிறது, அவ்வளவுதான். 0.1 என்ற எண்ணைப் பைனரியில், அதாவது கம்ப்யூட்டர் பயன்படுத்தும் 0, 1 மட்டுமே கொண்ட எண் முறையில், முடிவாக எழுதவே முடியாது. காலி செல்லில் =(43.1-43.2)+1 என்று அடித்து, 15 தசமம் காட்டச் சொல்லிப் பாருங்கள். 0.9 வராது, 0.899999999999999 வரும். ஆனால் உங்கள் ஒரு பைசா இதனால் போகவில்லை.

இன்னொரு ஆசாமியிடமும் உஷாராக இருங்கள். ‘செட் பிரிசிஷன் அஸ் டிஸ்பிளேய்ட்’ என்ற இடத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு, ‘சரி பண்ணிட்டேன்’ என்று காசு வாங்கிப் போவார். திரையில் தெரிவதையே செல்லுக்குள் இருக்கும் எண்ணாக ஆக்கிவிடும் எக்செல் வசதி அது; ஃபைல் முழுவதையும் பிடிக்கும். முழு ரூபாயாகக் காட்டச் சொன்ன செல்களில் நேரடியாக அடித்த பைசா நிரந்தரமாக அழிந்துவிடும். அப்புறம் டிக்கை எடுத்தாலும் திரும்பாது.

அந்த 15 இலக்கம் கடிக்கிற இடம் ஒன்று உண்டு. 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை அப்படியே அடித்தால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் 0 ஆகிவிடும். 12 இலக்க ஆதாருக்கு இந்தத் தொல்லை இல்லை. சப்ளையர் கணக்கு எண்களை அடிக்கும் முன்பே அந்தச் செல்களை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றுங்கள், அல்லது எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போடுங்கள். அடித்த பிறகு மாற்றினால் போன இலக்கம் வராது. பாஸ்புக்கைப் பார்த்து மறுபடி அடிக்க வேண்டியதுதான்.