கடை மாற்றுகிறீர்களா? தண்ணீர் குறித்து வாசகர்கள் கேட்டவை

தை பிறந்ததும் கடை மாற்றுபவர்களின் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். மார்கழியில் புது இடம் புகக் கூடாது என்பதால் அந்த மாதத்தில் கட்டடம் பார்த்து, தையில் முன்பணம் கொடுத்து, பங்குனிக்குள் குடியேறுவது நம் வழக்கம். இதில் தண்ணீருக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த கையோடு, கிணறும் ஆழ்துளைக் குழாயும் ஆண்டிலேயே அதிகமாக நிரம்பியிருக்கும் வேளையில் கட்டடத்தைப் பார்க்கிறோம். ஆனால் அங்கே தொழில் தொடங்கி ஒன்றிரண்டு மாதங்களில் கத்திரி வெயில் வந்துவிடுகிறது. இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த இடைவெளியில் பிறந்தவைதாம்.

மயிலாப்பூரில் 40 இருக்கைகளுடன் உணவகம் நடத்துகிறேன். மேடவாக்கத்தில் 60 இருக்கைகள் போடக்கூடிய இடத்துக்கு மாறுகிறேன். நாள் ஒன்றுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? "பெரிய சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) இருக்கிறது, கவலை வேண்டாம்" என்கிறார் உரிமையாளர்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கணக்குப்படி உணவகத்துக்கு இருக்கை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர். 60 இருக்கைகளுக்கு 4,200 லிட்டர். கட்டட வரைபடம் போடுவதற்கு இந்த எண் போதும். உங்கள் தொழிலுக்கு இதைவிட நம்பகமான எண் உங்களிடமே இருக்கிறது. பழைய இடத்தைக் காலி செய்வதற்கு முன் ஒரு வாரம், மேல்நிலைத் தொட்டி நாளுக்கு எத்தனை முறை நிரப்பப்படுகிறது என்பதை அறிய, மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி, போடும்போதெல்லாம் கோடு கிழிக்கச் சொல்லுங்கள். வாழையிலையில் பரிமாறும் உணவகத்துக்கும் எவர்சில்வர் தட்டில் பரிமாறும் உணவகத்துக்கும், மாவு வெளியில் வாங்குபவருக்கும் தாமே அரைப்பவருக்கும் உள்ள வேறுபாடு எந்தத் தர ஏட்டிலும் இராது. அந்தக் கோடுகளில் இருக்கும்.

அடுத்து, "பெரிய சம்ப்". மூடியைத் திறந்து டேப் வைத்து அளந்து பாருங்கள். நீளம் 10 அடி, அகலம் 6 அடி, ஆழம் 5 அடி என்றால் 300 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் ஏறத்தாழ 8,500 லிட்டர். ஆனால் உறிஞ்சு குழாயின் அடிநுனியில் உள்ள ஃபுட் வால்வுக்குக் கீழே கிடக்கும் அரை அடித் தண்ணீரை மோட்டார் எடுக்காது. மேலே அரை அடியை, தொட்டி நிரம்பியதும் வரத்தை அடைக்கும் மிதவைப் பந்து வால்வுக்கும் உள்வரும் குழாய்க்கும் விட்டுவிட வேண்டும். ஆக, உங்கள் கைக்கு வருவது நான்கடி ஆழம்தான். அதாவது 6,800 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. 4,200 லிட்டர் செலவழியும் இடத்தில் அது ஒன்றரை நாள் தாங்கும். 9,000 லிட்டர் லாரியை வரவழைத்தால் மோட்டார் எடுக்கும் அளவு முழுவதையும் காலி செய்துவிட்டு நின்றாலும் அது கொள்ளாது. மீதிக்கும் பணம் கொடுத்துத் தெருவை நனைப்பீர்கள். நானாக இருந்தால் பயன்படுத்தக்கூடிய கொள்ளளவு 12,000 லிட்டருக்குக் குறைவாக உள்ள இடத்தில் 60 இருக்கை போட மாட்டேன். லாரி உள்ளே வந்து திரும்ப இடமிருக்கிறதா, நிற்கும் இடத்திலிருந்து சம்ப் மூடிவரை குழாய் எட்டுமா என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள்.

உணவுப் பாதுகாப்பு உரிமம் இடத்துக்கு உரியது. முகவரி மாறினால் பழைய உரிமத்தைச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டு வியாபாரம் செய்ய முடியாது. சமையலுக்கும் பாத்திரம் கழுவவும் குடிக்கத்தக்க தண்ணீரே வேண்டும் என்பது விதி. அதற்கான அளவுகோல் ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரநிலை. கிண்டி கிங் நோய்த் தடுப்பு நிலையத்திலோ அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்திலோ சோதனை செய்துகொள்ளலாம். கிருமிச் சோதனைக்கான மாதிரியை ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய புட்டியில் மட்டுமே பிடித்து, குளிர்ந்த பெட்டியில் வைத்து அன்றே சேர்க்க வேண்டும். முன்பு குளிர்பானம் இருந்த புட்டியில் பிடித்துக்கொண்டு போனால் அந்தப் புட்டிக்குத்தான் சோதனை நடக்கும்.

பழைய மகாபலிபுரம் சாலையில் 80 பேர் வேலை செய்யும் அலுவலகத்துக்கு இடம் பார்த்திருக்கிறோம். "24 மணி நேரமும் தண்ணீர்" என்று விளம்பரத்தில் இருக்கிறது. நம்பலாமா?

குழாயைத் திறந்தால் 24 மணி நேரமும் வரும். அது எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி. அலுவலகத்துக்கு ஆளுக்கு 45 லிட்டர் கணக்கு. 80 பேருக்கு 3,600 லிட்டர். இதில் ஆளுக்கு 20 லிட்டர் கழிப்பறைத் தொட்டிக்கே போய்விடும் என்பதால், சுத்திகரித்த கழிவுநீரைத் தனிக் குழாயில் அதற்குத் தரும் கட்டடமாக இருந்தால் உங்கள் நல்ல தண்ணீர்த் தேவை கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். அப்படித் தனிக் குழாய் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது இதே சாலையில் பல நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதன் பிறகு நிலைமை மேம்பட்டிருக்கிறது. நெம்மேலியில் நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் தரும் இரண்டாவது கடல்நீர்க் குடிநீராக்கும் நிலையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ஆனால் நகரத்துக்குக் கிடைத்த தண்ணீர் உங்கள் கட்டடத்துக்குக் குழாயில் வருகிறதா, லாரியில் வருகிறதா என்பது வேறு கணக்கு. எனவே உரிமையாளரிடம் கடந்த ஏப்ரல், மே, ஜூன் மாதங்களின் தண்ணீர் லாரிப் பில்களைக் கேளுங்கள். கொடுத்தால் அந்த மூன்று தாள்களே உங்களுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும். கொடுக்கத் தயங்கினாலும் சொல்லிவிடும்.

ஒப்பந்தத்தில் "பராமரிப்புக் கட்டணத்தில் தண்ணீர் அடங்கும்" என்று மட்டும் எழுதியிருந்தால் ஏற்க வேண்டாம். நாளொன்றுக்கு எத்தனை லிட்டர்வரை அடங்கும், அதற்கு மேல் வாங்கும் லாரிச் செலவு யாருடையது, தண்ணீர் இல்லாமல் அலுவலகத்தை மூடும் நாளுக்கு வாடகையில் கழிவு உண்டா என்ற மூன்றும் எழுத்தில் வர வேண்டும். தீயணைப்புக்கென ஒதுக்கிய தொட்டியைக் காட்டி "இவ்வளவு இருப்பு இருக்கிறது" என்று சொல்வோரும் உண்டு. அந்தத் தண்ணீர் உங்கள் புழக்கத்துக்கு உரியதன்று.

புதிய பட்டறையில் ஆழ்துளைக் குழாய் இருக்கிறது. அதன் ஊற்றை எப்படிச் சோதிப்பது? போதாவிட்டால் நாங்களே புதிதாகப் போட்டுக்கொள்ளலாமா?

20 லிட்டர் வாளியும் கைக்கடிகாரமும் போதும். வாளி 40 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 30 லிட்டர், மணிக்கு 1,800 லிட்டர். மோட்டார் போட்டவுடன் ஒரு முறையும், ஒரு மணி நேரம் விடாமல் ஓடிய பின் ஒரு முறையும் பிடித்துப் பாருங்கள். முதல் வாளி குழாயில் தேங்கி நின்ற தண்ணீர், கடைசி வாளிதான் ஊற்று. நடுவில் காற்று கலந்து குழாய் இருமினால் நீர்மட்டம் மோட்டார்வரை இறங்கிவிட்டது என்று பொருள். தை மாதத்திலேயே அப்படி இருமும் குழாய் மே மாதத்தில் என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிடித்த தண்ணீரில் ஒரு செம்பை மூடாமல் இரவு முழுக்க வைத்துப் பாருங்கள். காலையில் மஞ்சளாகி அடியில் துருவைப்போல் படிந்திருந்தால் இரும்பு அதிகம்.

புதிதாகப் போடுவது உரிமையாளரின் சம்மதத்தோடு முடிகிற காரியம் அன்று. சென்னையிலும் அதையொட்டிப் பட்டியலிடப்பட்ட கிராமங்களிலும் 1987-ஆம் ஆண்டின் நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டப்படி கிணறு தோண்ட அனுமதி வேண்டும். அதற்கு முன், 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு அந்தக் கட்டடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் குழாய் சுவரோடு இறங்கி வரும்; தொட்டி மட்டும் இராது, அல்லது மேலே டைல்ஸ் போட்டு மூடியிருப்பார்கள்.

இரண்டு ஆண்டு பூட்டிக் கிடந்த கட்டடத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். தண்ணீரில் நாற்றம் வருகிறது. பிளீச்சிங் பவுடர் போட்டால் போதுமா?

போதாது, வரிசை மாறினால் பயனும் இல்லை. சேறு கிடக்கும் தொட்டியில் பவுடரைக் கொட்டினால் குளோரின் முழுவதையும் சேறு தின்றுவிடும். முதலில் இருக்கும் தண்ணீரை இறைத்து, சேற்றை எடுத்து, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அதன் பிறகு 1,000 லிட்டர் கொள்ளளவுக்கு 150 கிராம் புதிய பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, தொட்டியை நிரப்புங்கள். பிறகு கட்டடத்தின் கடைசிக் குழாய்வரை ஒவ்வொன்றாகத் திறந்து, குளோரின் வாடை வந்ததும் மூடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் தொட்டி மட்டும்தான் சுத்தமாகும். இரண்டாண்டு அழுக்கு குழாய்க்குள்ளேயே இருக்கும். நான்கு மணி நேரம் விட்டு எல்லாவற்றையும் வடித்துவிட்டு, நல்ல தண்ணீர் நிரப்பி, சோதனைக்கு அனுப்புங்கள். அந்தக் குளோரின் தண்ணீரோடு கழிப்பறை கழுவும் ஆசிட் கலந்தால் நச்சு வாயு எழும்பும். இரண்டு வேலையையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

இந்தப் பதிலிலேயே முக்கியமானது இதுதான்: நெடுநாள் மூடிக் கிடந்த சம்ப்பில் ஆளை இறக்காதீர்கள். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் பிராணவாயு இல்லாததை மட்டுமே காட்டும். நச்சு வாயு இருந்தால் விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும், ஆள் விழுந்துவிடுவார், அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். வாயு அளக்கும் கருவியும் பயிற்சியும் உள்ள குழுவிடம் இந்த வேலையை ஒப்படைத்துவிடுங்கள்.

கழுவிய பிறகும் நாற்றம் திரும்பினால் செப்டிக் டேங்க் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். நானே ஓர் அலுவலகம் மாறியபோது மூன்று முறை தொட்டி கழுவிய பின்தான், சம்ப்பின் பொதுச்சுவருக்கு அப்பால் கழிவுத் தொட்டி இருப்பதைக் கண்டுபிடித்தேன். வெள்ளையடித்த சுவரில் ஓர் ஈரத் திட்டு மட்டும் காயவே இல்லை. அதை முதல் நாளே பார்த்தும் பொருட்படுத்தாமல் விட்டது என் தவறு.

அழகு நிலையம் நடத்துகிறேன். புது இடத்துத் தண்ணீரில் நுரையே வருவதில்லை, கீசர் ஆறு மாதத்தில் பழுதாகிவிட்டது. டி.டி.எஸ். 480 தான் என்கிறார்கள்.

டி.டி.எஸ். கரைந்துள்ள எல்லா உப்புகளின் கூட்டுத்தொகை. உங்கள் நுரையைக் கொல்வது அதில் கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்பதைக் காட்டும் கடினத்தன்மை. டி.டி.எஸ். அளக்கும் பேனா போன்ற கருவி இதைச் சொல்லாது. ஆய்வகத்தில் கடினத்தன்மையைத் தனியே பார்க்கச் சொல்லுங்கள். குடிநீருக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். அதற்கு மேல் இருந்தால் உங்களுக்குத் தேவை ஆர்.ஓ. அன்று, உப்பிட்டுப் புதுப்பிக்கும் சாஃப்ட்னர் (கடினத்தன்மையை நீக்கும் கருவி). அதைப் பொருத்திய பின்னும் டி.டி.எஸ். எண் குறையாது, ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

உரிமையாளர் குடிநீர் வரி பாக்கி வைத்திருந்தால் எங்களைப் பாதிக்குமா?

பாதிக்கலாம். இணைப்பும் வரி மதிப்பீடும் கட்டடத்தைச் சார்ந்தவை. குடியிருப்பவர் மாறினாலும் பாக்கி மாறுவதில்லை. சென்னையில் அரையாண்டுக்கு ஒரு முறை வரி செலுத்த வேண்டும். கடைசி அரையாண்டு ரசீதின் நகலை முன்பணம் கொடுக்கும் முன் வாங்கிக்கொள்ளுங்கள். வீடாக இருந்த கட்டடத்தைக் கடையாக்குகிறீர்கள் என்றால் கட்டண வகையும் மாறும். அதைக் குடிநீர் வாரியத்தில் பதிவு செய்யும் பொறுப்பு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான்கு கடைகளுக்கு ஒரே தொட்டி. தண்ணீர்ச் செலவில் எங்கள் பங்கு எப்போதும் அதிகமாக வருகிறது.

உங்கள் கிளைக் குழாயில் தனி மீட்டர் வையுங்கள். பேச்சு அதோடு நின்றுவிடும். அதற்கு முன் உங்கள் பக்கத்தில் ஒழுகல் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது கௌரவத்துக்கு நல்லது. கழிப்பறை ஃபிளஷ் தொட்டியில் பத்துச் சொட்டு சொட்டு நீலம் விட்டு அரை மணி நேரம் யாரையும் போகவிடாமல் வைத்திருங்கள்; கீழே பீங்கானில் நீலம் இறங்கினால் கள்வன் உங்கள் கடையிலேயே இருக்கிறான்.

பழைய அலுவலகத்தின் ஆர்.ஓ. இயந்திரத்தைக் கழற்றி எடுத்துச் செல்லலாமா?

எடுத்துச் செல்லலாம். ஆனால் கழற்றி மூன்று வாரம் மூலையில் போட்டுவிட்டு மாட்டினால் மெம்பிரேன் (உப்பை வடிக்கும் சவ்வு) காய்ந்து பயனற்றுப் போயிருக்கும். கழற்றுபவரிடம் மெம்பிரேன் உறையை ஈரத்தோடு இருபுறமும் அடைக்கச் சொல்லி, இரண்டொரு நாளில் புது இடத்தில் மாட்டிவிடுங்கள். முதல் தொட்டித் தண்ணீரைக் குடிக்காமல் தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம். புது இடத்தில் குழாயில் வருவது வாரியத்தின் உப்பு குறைந்த ஏரித் தண்ணீர் என்று சோதனையில் தெரிந்தால், அந்த இயந்திரத்தை மாட்டவே வேண்டியதில்லை.