தாய்க்கப்பலை அணு ஏவுகணையால் வீழ்த்த முடியுமா?

கேள்வி: அறிவியல் புனைகதை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். வேற்றுக்கிரகவாசிகளின் தாய்க்கப்பல் பூமியைச் சுற்ற ஆரம்பிக்கிறது. எல்லா நாடுகளும் ஒன்றுசேர்ந்து தங்கள் அணு ஏவுகணைகளை ஒரே நேரத்தில் அதன்மேல் ஏவுகின்றன. கப்பல் சிதறுகிறது. இராணுவத்தில் இருந்த என் மாமா இதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார். நிஜத்தில் ஒரு தளபதி என்னதான் செய்வார்?

பதில்: மாமா சிரித்ததில் தப்பில்லை. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை விண்வெளிச் சண்டைக்காகச் செய்யப்பட்டதல்ல. ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேலே ஏறி, அரை மணி நேரத்துக்குள் தரையில் அசையாமல் இருக்கும் ஓர் இலக்கின்மேல் விழும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். நம் டிவி செயற்கைக்கோள்கள் இருக்கும் சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் கப்பலை நிறுத்திவிட்டால் எட்டவே எட்டாது. சுற்றுப்பாதையில் இருப்பதை அடிக்கும் ஏவுகணைகளும் இருக்கத்தான் செய்கின்றன. 2019 மார்ச் 27 அன்று இந்தியா தன் செயற்கைக்கோள் ஒன்றை அப்படி உடைத்துக் காட்டியது; உயரம் சுமார் 300 கி.மீ. 2007-இல் சீனா உடைத்தது சுமார் 865 கி.மீ. உயரத்தில். இரண்டுமே போகும் பாதை முன்பே தெரிந்த, விலகி ஓடாத இலக்குகள்.

சரி, எப்படியோ ஒரு குண்டு மேலே போய் வெடிக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். காற்றில்லாத இடத்தில் அதிர்வலை கிடையாது. ஆற்றலில் பெரும்பங்கு எக்ஸ் கதிராகப் பரவும். தூரம் இருமடங்கானால் தாக்கம் கால்வாசியாகிவிடும். மிகவும் ஒட்டிப் போய் வெடித்தால்தான் கப்பலுக்கு வலிக்கும். கீழே இருக்கும் நமக்கோ தூரத்திலிருந்தே வலிக்கும். 1962 ஜூலையில் அமெரிக்கா பசிபிக் கடலுக்கு மேலே 400 கி.மீ. உயரத்தில் 1.4 மெகாடன் குண்டு ஒன்றை வெடித்துப் பார்த்தது. சுமார் 1,400 கி.மீ. தள்ளியிருந்த ஹவாயில் இரவு வானம் நிறம் மாறியது, வெடிப்பு கிளப்பிய மின்காந்த அதிர்வில் முந்நூறு தெருவிளக்குகள் வரை அணைந்துபோயின. மறுநாள் ஏவப்பட்ட டெல்ஸ்டார் செயற்கைக்கோளும் வெடிப்பு விட்டுச்சென்ற கதிர்வீச்சில் மாட்டி, சில மாதங்களில் பழுதானது. ஒரே ஒரு குண்டு, அதுவும் டிரான்சிஸ்டர் ரேடியோ காலத்தில். உங்கள் கதையில் ஆயிரக்கணக்கில் ஏவுகிறீர்கள். எதிரிக்கு வேலை மிச்சம்.

அப்புறம், உயரம் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். வெகுதொலைவிலிருந்து பூமியை நோக்கி ஒரு பொருளைச் சும்மா விட்டாலே அது நொடிக்கு 11 கி.மீ. வேகத்தில் வந்து சேரும். அந்த வேகத்தில் ஒரு கிலோ எடைக்கு 15 கிலோ டி.என்.டி. வெடிமருந்தின் ஆற்றல் இருக்கும். ஆயிரம் டன் என்றால் ஹிரோஷிமா குண்டுக்குச் சமம். கல்லாக இருந்தால் காற்றிலேயே நொறுங்கிவிடலாம். இரும்பு என்றால் தரைக்கு வந்துவிடும். 2013-இல் ரஷ்யாவின் செல்யபின்ஸ்க் நகரத்துக்கு மேலே வெடித்தது 20 மீட்டர் அளவுள்ள கல்தான். சுமார் 1,500 பேர் காயம், பெரும்பாலும் உடைந்த ஜன்னல் கண்ணாடியால். சூரியன் இருந்த திசையிலிருந்து வந்ததால் எந்தத் தொலைநோக்கியும் முன்கூட்டிப் பார்க்கவில்லை.

ஆகவே, நம்மை அழிப்பது மட்டுமே அவர்கள் நோக்கம் என்றால் நமக்குத் தற்காப்பு கிடையாது. கதை இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். ஒரு தளபதி ஆயுதக் கணக்கைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: எதற்காக வந்திருக்கிறார்கள்?

தண்ணீருக்காக என்று எழுதிவிடாதீர்கள். வியாழனின் யூரோப்பா நிலவின் பனிக்கடியில் நம் கடல்களைவிட அதிகத் தண்ணீர் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். உலோகம் வேண்டுமென்றால் குறுங்கோள்களில் ஈர்ப்புவிசைத் தொல்லை இல்லாமல் வெட்டி எடுக்கலாம். இங்கே மட்டும் கிடைப்பது என்று பார்த்தால் உயிர்கள், அவை உண்டாக்கிய காற்றும் மண்ணும், அப்புறம் நாம். இவற்றில் ஏதோ ஒன்று வேண்டுமென்றால் அதைப் பொசுக்கிவிட முடியாது. இறங்கித்தான் ஆக வேண்டும். நம் வாய்ப்பு ஆரம்பிப்பது அங்கேதான்.

இறங்கியவனுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? மிக அருகிலுள்ள விண்மீனே 4.24 ஒளியாண்டு தள்ளி. ஒளியின் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் வந்தாலும் நாற்பது வருஷத்துக்கு மேல். உதவிக்கு ஆள் கேட்டால் அந்தத் தகவல் ஊர் போய்ச் சேரவே நாலு வருஷமாகும். ஆக, கையிலிருக்கும் ஆட்களும் உதிரிபாகங்களும்தான் அவனுக்கு எல்லாமும். உங்கள் தளபதி முதல் நாளில் ஜெயிக்கப் பார்க்கக் கூடாது. முதல் வருஷம் முடியும்போது தன் படை மிச்சமிருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

முகாம்களைக் காலி செய்து ஆட்களைச் சிறு குழுக்களாகப் பிரித்துவிடுவார். வயர்லெஸ்ஸை அணைத்துவிட்டு, புதைத்த கேபிளுக்கும் கடிதத்துக்கும் திரும்புவார். நீர்மூழ்கிகளை ஆழத்திலேயே வைத்திருப்பார். ஒளியும் ரேடார் அலையும் கடலுக்குள் அதிகம் இறங்காது. ஆனால் அவற்றோடு பேசுவது கஷ்டம். மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைதான் தண்ணீருக்குள் சில மீட்டர்களாவது போகும். அதற்கு இந்தியக் கடற்படை வைத்திருக்கும் நிலையம் நம் திருநெல்வேலிப் பக்கம், விஜயநாராயணத்தில் இருக்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன். அந்த ராட்சதக் கோபுரங்கள் மேலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரியும். முதல் நாளே போய்விடும். ஆகவே கோபுரம் விழுந்த பிறகு என்ன செய்வது என்ற உத்தரவு முன்பே எழுதி நீர்மூழ்கித் தலைவனின் பெட்டிக்குள் இருக்க வேண்டும்.

கதாநாயகனுக்கு மாதிரி தேடினால் லௌதாரோவைப் படியுங்கள். தென் அமெரிக்காவின் மாப்புச்சே இனத்துப் பையன். சிறுவயதில் ஸ்பானியர்களிடம் பிடிபட்டு, அவர்களின் தளபதி வால்டிவியாவிடமே குதிரைக்காரனாக வேலை பார்த்தவன். தினமும் குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டியவனுக்கு அது தெய்வமில்லை, களைத்துப்போகும் மிருகம் என்று தெரிந்துவிட்டது. தப்பியோடித் தன் ஆட்களிடம் போனான். 1553 டிசம்பரில் டுக்காபெல் என்ற இடத்தில் மொத்தப் படையையும் ஒரே நேரத்தில் அனுப்பாமல், அலை அலையாகப் புதிய ஆட்களை அனுப்பிக்கொண்டே இருந்தான். குதிரைகள் ஓய்ந்தன. வால்டிவியா பிடிபட்டுக் கொல்லப்பட்டார். லௌதாரோ சில ஆண்டுகளில் இறந்தாலும் சண்டை நிற்கவில்லை. 1641-இல் ஸ்பெயின் உடன்படிக்கைக்கு இறங்கி வந்தது. உங்கள் கதையிலும் கப்பலுக்குள் கூட்டிப் பெருக்கும் ஒரு கைதி இருந்தால், ஐந்நூறு ஏவுகணையைவிட அவள் அதிகம் உதவுவாள்.

'எல்லா நாடுகளும் ஒன்றுசேர்ந்து' என்ற வரியை மட்டும் நான் நம்பமாட்டேன். வெளியிலிருந்து ஆபத்து வந்தால் நம் சண்டையெல்லாம் மறந்துபோகும் என்று 1987-இல் ஐ.நா. சபையில் அமெரிக்க அதிபர் ரீகன் பேசினார். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் ஸ்பானியத் தளபதி கோர்ட்டெஸ் 1519-இல் மெக்சிகோவில் இறங்கியபோது அவருடன் வந்த வீரர்கள் சுமார் ஐந்நூறு பேர்தான். அங்கே ஆண்டுகொண்டிருந்த அஸ்டெக்குகளின் தலைநகரை 1521-இல் வீழ்த்தியதில் பெரும் படை அவர்களுடைய பழைய பகையாளிகளான ட்லாஸ்கலா மக்களுடையது. அம்மை நோயும் கூடச் சேர்ந்துகொண்டது. உங்கள் வேற்றுக்கிரகவாசி ஒரே ஒரு நாட்டை ரகசியமாகக் கூப்பிட்டு, 'உங்களை விட்டுவிடுகிறோம், பக்கத்து நாட்டைப் பற்றி மட்டும் சொல்லுங்கள்' என்று கேட்கட்டும். எந்த நாடு என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். என்னை வம்பில் மாட்டிவிடாதீர்கள்.

ஏவுகணைக் காட்சியைத் தூக்கிப்போட வேண்டாம். கடைசி அத்தியாயத்திலிருந்து முதல் அத்தியாயத்துக்குக் கொண்டுபோங்கள். பொத்தானை அமுக்கிவிட்டுத் தளபதி மொட்டைமாடிக்கு ஏறி வரட்டும். மேலே கப்பல் அப்படியே நிற்க, கீழே ஊர் முழுக்கக் கரன்ட் போகட்டும்.