நீலம் வெளியே வருகிறது, சிவப்பு எங்கே போகிறது?

கேள்வி: என் ஆறு வயது மகள் நீல நிறப் பூச்சுள்ள கேக் சாப்பிட்ட மறுநாள் அவளுடைய மலம் பச்சையாக இருந்தது. சிவப்பு, மஞ்சள் மிட்டாய்களைத் தின்னும் நாட்களில் எந்த மாற்றமும் தெரிவதில்லை. இந்தச் சாயங்களைக் குடல் பாக்டீரியாக்கள் நச்சாக மாற்றிவிடும் என்று படித்தேன். உண்மையா, டாக்டர்?

பதில்: நீங்கள் கவனித்த வேறுபாடு மிகச் சரியானது. பிரில்லியன்ட் புளூ என்னும் நீலச் சாயத்தைக் குடல் அநேகமாக உறிஞ்சுவதில்லை. பாக்டீரியாக்களும் அதை எளிதில் உடைப்பதில்லை. ஆகவே அது பித்தத்தின் மஞ்சளோடு கலந்து பச்சையாக வெளியேறுகிறது. கவலைப்பட அதில் ஒன்றுமில்லை.

டார்ட்ரசின், சன்செட் எல்லோ, அல்லூரா ரெட் ஆகிய மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புச் சாயங்கள் 'அசோ' வகையைச் சேர்ந்தவை. இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையிலான இரட்டைப் பிணைப்புதான் அவற்றின் நிறத்துக்கு அடிப்படை. சிறுகுடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படும் இச்சாயங்கள், ஆக்சிஜன் அநேகமாக இல்லாத பெருங்குடலை அடைந்ததும், அங்குள்ள பாக்டீரியாக்கள் 'அசோரிடக்டேஸ்' என்ற நொதியால் அப்பிணைப்பை அறுத்துவிடுகின்றன; நிறமும் அத்தோடு மறைகிறது. மருத்துவம் இதை நெடுங்காலமாகவே அறியும். பிரான்டோசில் என்ற சிவப்புச் சாய மருந்து உடலுக்குள் இவ்வாறு உடைந்து தரும் சல்ஃபானிலமைடுதான் கிருமிகளைத் தடுக்கிறது என்பது 1935ஆம் ஆண்டிலேயே பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் கண்டறியப்பட்டது. பெருங்குடல் அழற்சிக்கு நாங்கள் தரும் சல்ஃபாசலசினும் பாக்டீரியாக்கள் அறுத்த பிறகே பயன் தருகிறது.

ஆகவே உடைபடுவது தன்னளவில் தீங்கன்று. உடைந்த துண்டு எது என்பதே கேள்வி. முற்காலத்தில் வெண்ணெய்க்கு நிறமூட்டிய, கொழுப்பில் கரையும் 'பட்டர் எல்லோ' விலங்குகளில் ஈரல் புற்றுநோயை உண்டாக்கியதால் விலக்கப்பட்டது. இன்று அனுமதிக்கப்பட்டுள்ள அசோ சாயங்களின் துண்டுகளில் நீரில் எளிதில் கரையும் சல்ஃபோனிக் அமிலத் தொகுதி இருக்கிறது. டார்ட்ரசினிலிருந்து வரும் சல்ஃபானிலிக் அமிலத்தில் உறிஞ்சப்படும் பகுதி சிறுநீரில் வெளியேறிவிடும்.

ஆயினும் உங்கள் அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. அல்லூரா ரெட், சன்செட் எல்லோ ஆகியவற்றைக் குடல் பாக்டீரியாக்கள் உடைக்கும்போது உண்டாகும் ஒரு பொருள், நோயெதிர்ப்புச் சமிக்ஞையான இன்டர்லூக்கின் 23 மிகையாகச் சுரக்குமாறு மாற்றப்பட்ட சுண்டெலிகளில் பெருங்குடல் அழற்சியைத் தூண்டியதை 2021இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எலிகளில் கண்டதை அப்படியே குழந்தைக்குப் பொருத்த முடியாது. ஆனால் குடல் அழற்சி நோய் உள்ள குழந்தைக்கு இச்சாயங்களைத் தவிர்க்குமாறே நான் சொல்வேன்.

டார்ட்ரசினுக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்துள்ள நாளொன்றின் வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு 7.5 மில்லிகிராம், 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 150 மில்லிகிராம். எப்போதாவது தின்னும் ஓரிரு மிட்டாய் அதை நெருங்காது. நாள்தோறும் நிறமூட்டிய பானமும் தின்பண்டமும் சேர்ந்து வருவதைத்தான் குறைக்க வேண்டும். நிறமூட்டிய எதையும் உண்ணாதபோது மலம் சிவப்பாகவோ, கருப்பாகவோ இருந்தால், சாயம் என்று நீங்களே முடிவுசெய்யாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.