"ஒன்னுமில்ல"ன்னு மட்டும் சொல்லாதீங்க

போன மாசம் இந்த பக்கத்துல, ரெண்டு காதுலயும் கேக்குற மெசின் மாட்டிக்கிட்டுத்தான் நான் படிப்பிச்சேன்னு ஒரே ஒரு வரி எழுதினேன். அதுக்கு இவ்வளவு கடிதம் வரும்னு நெனக்கவே இல்ல. எல்லாத்தையும் வாசிச்சேன், சிலத ரெண்டு தடவ வாசிச்சேன். இந்த மாசம் முழுக்க அதுக்குத்தான்.

*டீச்சர், என் மகளுக்கு ஒம்பது வயசு. சத்தமா கூப்புட்டாத்தான் திரும்புவா. புதுசா சேர்க்க போன ஸ்கூல்ல "இந்த மாதிரி புள்ளைக்கு இங்க சரிவராது"ன்னு சொல்லிட்டாங்க. லயத்துல (தோட்டத்து வீட்டு வரிசையில) எல்லாரும் செவிடின்னுதான் கூப்புடுறாங்க. நான் மலைக்கு (கொழுந்து பறிக்க) போறவ, என்ன செய்றதுன்னு வெளங்கல.*
– ஒரு அம்மா, பொகவந்தலாவ

தங்கச்சி, ஸ்கூல்ல அப்படி சொல்ல முடியாது. நம்ம இலங்கையில 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்க சட்டம்னு ஒன்னு இருக்கு, வலுவிழந்த ஆளுங்களோட உரிமைக்கான சட்டம், குறைபாட்ட காரணம் காட்டி கல்வி நிறுவனத்துல சேர்க்கிறதுல பாகுபாடு காட்டக்கூடாதுன்னு அதுலயே இருக்கு. அந்த இலக்கத்த ஒரு துண்டுல எழுதிக்கிட்டு போங்க, தனியா போக பயமா இருந்தா வெவரம் தெரிஞ்ச ஒருத்தர கூட்டிக்கிட்டு போங்க.

அதுக்கு முன்னாடி பெரியாஸ்பத்திரியில காது மூக்கு தொண்டை கிளினிக்குக்கு புள்ளைய கொண்டு போங்க. சத்தமா கூப்புட்டா திரும்புவான்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அப்ப கொஞ்சம் கேக்குது, எவ்வளவு கேக்குதுன்னு டெஸ்ட் பண்ணித்தான் தெரியும். காதுல சீழ் வடியுதான்னு பாருங்க. என் காது போனது சீழாலதான், மாசக்கணக்கா வடிஞ்சிச்சு, சரியாயிரும்னு எண்ணெய காய்ச்சி காய்ச்சி ஊத்தினாங்க. தயவுசெஞ்சு எண்ணெய் ஊத்தாதீங்க.

சேர்த்ததுக்கு பொறகு கிளாஸ் டீச்சர்கிட்ட கேக்க வேண்டியது இது: புள்ளைய முன் பெஞ்சுல, நல்லா கேக்குற காது டீச்சர் பக்கம் இருக்கிற மாதிரி உக்கார வைக்கணும், போர்ட பாத்துக்கிட்டு பேசக்கூடாது, ஜன்னலுக்கு முதுக காட்டி நிக்கவும் கூடாது, ஏன்னா வெளிச்சம் பின்னால இருந்தா மொகம் கருப்பா தெரியும், ஒதடு தெரியாது. ஒதட்ட பாத்து எல்லாத்தையும் புரிஞ்சுக்குவாங்கன்னு சில பேர் நெனக்கிறாங்க, அதுவும் பிழை. கண்ணாடி முன்னால நின்னு சத்தமில்லாம "பணம்", "மணம்" ரெண்டையும் சொல்லி பாருங்க. ஒதடு ஒரே மாதிரிதான் அசையும். மீதிய அந்த புள்ள ஊகிக்கணும், நாள் முழுக்க ஊகிச்சு ஊகிச்சு மத்தியானம் ஆனா மண்டை காஞ்சு போயிரும், அத பாத்துட்டுத்தான் சோம்பேறின்னு பேர் வைப்பாங்க. அதோட நம்ம தகரக்கூரை! மழை விழுந்தா காது கேக்குற புள்ளைக்கே பாடம் கேக்காது, மெசின் போட்ட புள்ளைக்கு தலைக்குள்ளயே மழை பெய்யும். அந்த நேரத்துல போர்ட்ல எழுதி போட்டா போதும்.

டெஸ்ட்ல ரொம்ப கொறவுன்னு வந்தா, யாழ்ப்பாணத்து கைதடியில காது கேக்காத புள்ளைங்க படிக்கிற நஃபீல்ட் பாடசாலை இருக்கு, 1956ல தொடங்கினது, தமிழ்ல படிப்பிக்கிறாங்க. கொழும்பு பக்கம் இரத்மலானையில இருக்கிறது இன்னும் பழசு, 1912ல மேரி செப்மன் அம்மா ஆரம்பிச்சது. தூரம்தான், புள்ளைய விட்டுட்டு இருக்கணுமேன்னு நெஞ்சு அடிக்கும், அது எனக்கு தெரியும். ஆனா சைகை பழகினா வாய் பேச்சு வராதுன்னு யாராவது சொன்னா நம்பி பின்வாங்காதீங்க. 1880ல இத்தாலியில மிலான்ங்கிற ஊர்ல காது கேக்காதவங்க கல்விக்கான மாநாடு கூடி, ஸ்கூல்ல சைகை வேணாம்னு தீர்மானம் போட்டாங்க, அதால எத்தனையோ தலைமொற புள்ளைங்க பாஷையே இல்லாம வளந்துச்சுங்க. அது பிழைன்னு அதே மாநாடு வருத்தம் சொன்னது 2010ல. நூத்தி முப்பது வருசம்!

*அக்கா, நான் உயர்தரத்துல தமிழ் படிக்கிறேன், ஒரு காது சுத்தமா கேக்காது. "செல்வத்துட் செல்வஞ் செவிச்செல்வம்"னு படிக்கும்போது எல்லாரும் என்னைய பாத்தாங்க. ஒரு சேர் "செவிடன் காதுல ஊதின சங்கு"ன்னும் சொன்னாரு. நம்ம இலக்கியத்துல நமக்கு எடமே இல்லையா?*
– தலவாக்கலை வாசகி

உங்க கோபம் நியாயம்தான். புறநானூறு 28ஆம் பாட்டுல உறையூர் முதுகண்ணன் சாத்தனார் "கூனும் குறளும் ஊமும் செவிடும்"னு அடுக்கிக்கிட்டே போயி, இதெல்லாம் எட்டு வகை எச்சம் (குறைப் பிறவி), இப்படி பொறக்குறதுல ஒரு ஊதியமும் இல்லன்னு முடிக்கிறாரு. எனக்கு அந்த பாட்டு இன்னிக்கும் வலிக்கும். பழசுங்கிறதுக்காக வலிக்கலன்னு சொல்ல வேண்டியதில்ல.

ஆனா நீங்க சொன்ன குறள் இருக்கிற அதே அதிகாரத்துல 418ஐ பாருங்க, "கேட்பினுங் கேளாத் தகையவே கேள்வியால் தோட்கப் படாத செவி". நல்லா கேக்குற காதா இருந்தாலும் அறிவு நொழையாட்டி அது கேளாத காதுதான்னு வள்ளுவர் சொல்றாரு. இதுலயும் செவிடுங்கிறது ஒரு கொறைக்கு உவமையாத்தான் வருது, ஆனா அந்த கொறை நம்ம காதுல இல்ல. அப்புறம் 71ஆம் அதிகாரம், குறிப்பறிதல். "குறிப்பிற் குறிப்புணரா வாயின் உறுப்பினுள் என்ன பயத்தவோ கண்." ஒருத்தரோட மொகக்குறிப்ப பாத்து மனச அறிய முடியாட்டி கண்ணு இருந்து என்ன பிரயோசனம்னு கேக்குறாரு. வாய தொறக்க முந்தியே மொகத்த வாசிக்கிறதுதான சின்ன வயசுல இருந்து நம்ம வேலையே! அந்த அதிகாரம் பத்து குறளையும் நமக்கே எழுதினதுன்னு நெனச்சுத்தான் நான் படிப்பேன். சங்கு பழமொழிக்கு பதில் வேணும்னா, ஊதுறவர நம்ம மொகத்த பாத்து பேச சொல்லுங்க.

*மகனோட காது மெசின் கீ...ன்னு விசில் அடிக்குது, பனி காலத்துல அடிக்கடி நின்னும் போகுது.*
– ஒரு அப்பா, நானுஓயா

புள்ள வளர வளர காதும் வளரும், காதுக்குள்ள மாட்டுற பழைய அச்சு லூசாகி சத்தம் வெளிய கசிஞ்சு திரும்ப மெசினுக்குள்ளயே போறதுதான் விசில். புது அச்சு எடுக்கணும். பனி காலத்துல நின்னு போறது ஈரத்தால, அதுக்கு ராத்திரியில பெட்டரி மூடிய தொறந்து, புது சப்பாத்து பெட்டியில வருமே ஈரம் உறிஞ்சுற சின்ன பக்கெட், அத போட்ட இறுகின டப்பாவுல வைங்க. புது பெட்டரியில ஸ்டிக்கர உரிச்சிட்டு ஒரு நிமிசம் காத்துபட விட்டு போடுங்க.

*மாசி மாச காமன் கூத்து நேரத்துல என் தம்பி தப்பு (பறை) அடிக்கிற எடத்த விட்டு நகரமாட்டான். அவனுக்கு பொறந்ததுல இருந்து காது கேக்காது. "கேக்காதவனுக்கு தப்பு எதுக்கு"ன்னு சிரிக்கிறாங்க.*
– லிந்துல வாசகர்

சிரிக்கிறவங்களுக்கு தெரியல, அவனுக்கு தப்பு கேக்குது, நெஞ்சுல. தப்ப நெருப்புல காட்டி தோல் நல்லா ஏறினதுக்கு பொறகு பக்கத்துல நின்னு பாருங்க, அடி நெஞ்சாங்கூட்டுல விழும், வெறுங்காலோட நின்னா மண்ணுல இருந்தும் ஏறும். ஸ்கொட்லாந்துல எவ்லின் கிளெனின்னு ஒரு தாள வாத்திய கலைஞர், சின்ன வயசுலயே காது கேக்காம போனவங்க, செருப்ப கழட்டிட்டு தரையோட அதிர்வ கால்ல வாங்கித்தான் வாசிப்பாங்க, 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவுலயும் வாசிச்சாங்க. இந்த மாசியில தம்பி கையில ஒரு தப்ப குடுங்க.

*டீச்சர், வீட்டுல எல்லாரும் சாப்புடும்போது சிரிப்பாங்க. என்னன்னு கேட்டா "ஒன்னுமில்ல"ம்பாங்க, இல்லாட்டி "அப்புறம் சொல்றேன்"பாங்க. அப்புறம் சொல்றதே இல்ல.*
– தரம் 8 மாணவி, ஹப்புத்தளை

மகளே, உன் கடிதம் நாலே வரிதான், ஆனா அதத்தான் நான் ரொம்ப நேரம் கையில வச்சிருந்தேன்.

எனக்கு பத்து வயசுல எங்க அம்மாயி செத்து போச்சு. லயத்துல காம்பரா (அறை) சொவருக்கு சொவர் கத (பேச்சு) தாவும், ஒரு நிமிசத்துல கடைசி காம்பரா வரைக்கும் தெரிஞ்சிரும், எனக்கு மட்டும் யாரும் சொல்லல. எல்லாரும் ஓடுறாங்க, அம்மாவ இழுத்து என்னன்னு கேட்டேன், கைய ஒதறி "ஒன்னுமில்ல, போ"ன்னுச்சு. வாசல்ல ரெண்டு பேர் வைக்கோல் கொளுத்தி தப்ப சூடு காட்டிக்கிட்டு இருந்தாங்க. அத பாத்துத்தான் எனக்கு தெரிஞ்சிச்சு.

அழுது ஓஞ்சதுக்கு பொறகு அப்பாகிட்ட சண்டை புடிச்சேன், இனிமே எனக்கு "ஒன்னுமில்ல" சொல்லக்கூடாதுன்னு. அப்பாவுக்கு அவ்வளவா எழுத வராது, ஆனாலும் என் பழைய சிலேட்ட எடுத்து அடுப்படியில ஆணி அடிச்சு மாட்டினாரு. நீயும் ஒரு கொப்பிய சாப்புடுற எடத்துல வச்சிடு, இந்த பக்கத்த அம்மாகிட்ட காட்டு, சிரிச்சா எழுதணும்னு கேளு, எழுதுற வரைக்கும் கேளு. எங்க வீட்டு சிலேட்டுல மொதல் நாள் ராத்திரி அப்பா கோணல் மாணலா எழுதினது இதுதான்: "மாமா கோழி புடிக்க போயி சேத்துல விழுந்தாரு. கோழி தப்பிச்சிருச்சி." எல்லாரும் சிரிச்சு முடிச்சு ரொம்ப நேரத்துக்கு பொறகு நான் தனியா சிரிச்சேன், அத பாத்து அவங்க எல்லாரும் திரும்பவும் சிரிச்சாங்க.