குவாண்டம் புள்ளியை வைத்து டெங்கியைக் கண்டுபிடிப்பது எப்படி?

பினாங்கில் உயிர்த்தொழில்நுட்பம் படிக்கும் தம்பி ஒருவர், கிளினிக் டெங்கி டெஸ்டைவிட நுணுக்கமாகக் கண்டறியக் குவாண்டம் புள்ளிகள் எப்படி உதவும் என்று கேட்டிருக்கிறார்.

அடிப்படை இதுதான் தம்பி. குவாண்டம் புள்ளி என்பது சில நானோமீட்டர் அளவே உள்ள, ஒளிரும் குறைக்கடத்திப் படிகம். ஒளி பட்டுத் தூண்டப்பட்ட புள்ளி, தன் ஆற்றலை ஒளியாக வெளிவிடாமலே பக்கத்துச் சாய மூலக்கூறுக்குக் கொடுத்துவிடும். 1940களில் இதற்குக் கணக்கு எழுதியவர் ஜெர்மனியின் தியோடர் ஃபார்ஸ்டர். தொலைவின் ஆறாம் அடுக்கில் இந்தக் கைமாற்றம் குறைகிறது. 5 நானோமீட்டரில் பாதி ஆற்றல் மாறுகிறது என்றால், 10 நானோமீட்டரில் வெறும் 1.5 சதவீதம்! ஆகவே புள்ளியில் ஒட்டிய டிஎன்ஏ இழை டெங்கி ஆர்என்ஏவைப் பிடித்து, சாயத்தை அருகே இழுத்தால், புள்ளியின் நிறம் மங்கிச் சாயத்தின் நிறம் எழும். மாதிரியைக் கழுவும் வேலையே இல்லை.

சாதாரணச் சாயம் போதாதா? புள்ளியின் அளவை மாற்றினாலே நிறம் மாறும், ஒரு புள்ளியைச் சுற்றிப் பல சாயங்களை ஒட்டலாம். அந்த வசதி சாயத்தில் இல்லை.

சிக்கல் அளவில்தான். பூச்சோடு சேர்ந்து புள்ளியே 10 நானோமீட்டரைத் தாண்டக்கூடும். டிஎன்ஏ இழைக்குப் பதில், வைரஸ் புரதத்தைப் பிடிக்கும் முழு ஆன்டிபாடிகளை அதன்மேல் ஏற்றினால் தொலைவு கைமீறிவிடும். அதனால் சின்ன ஆன்டிபாடித் துண்டுகளைப் பயன்படுத்துகிறார்கள். இன்னொரு வழி, புள்ளியைக் கொடுப்பவராக வைக்காமல் வாங்குபவராக வைப்பது. அப்போது கொடுப்பவர் டெர்பியம் என்ற உலோகத்தின் சேர்மம்; அது மில்லிவினாடிக் கணக்கில் ஒளிரும். இரத்தத்தின் சொந்த ஒளிர்வு அடங்கிய பிறகு அளக்கலாம். இரத்த மாதிரி என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.