மடியில் சுளகோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு நடைப்பழக்கம் வருமா?

கேள்வி: டாக்டர், எங்கள் ஊர் முக்கூடல் பக்கம். அம்மாவுக்கு 46 வயது. இருபது வருடத்துக்கு மேலாகப் பீடி சுற்றுகிறார். போன மாதம் ரத்தம் பார்த்ததில் மூன்று மாத சர்க்கரை அளவு 6.1 என்று வந்தது. "இன்னும் சுகர் வரவில்லை, ஆனால் வருகிற நிலையில் இருக்கிறது, பழக்கத்தை மாற்றுங்கள்" என்றார்கள். தாத்தாவுக்கும் சுகர் இருந்தது. காலையில் வாக்கிங் போகச் சொன்னோம். பத்துப் பன்னிரண்டு நாள் போனார், அப்புறம் விட்டுவிட்டார். தினையும் வரகும் வாங்கி வைத்தேன். டப்பாவில் வண்டு விழுந்ததுதான் மிச்சம். சொல்லிச் சொல்லி எனக்கும் அம்மாவுக்கும் சண்டைதான் வருகிறது. எப்படித்தான் மாற்றுவது?

பதில்: முதலில் அந்த 6.1ஐப் பார்த்துவிடுவோம். மூன்று மாத சராசரியைக் காட்டும் இந்தப் பரிசோதனையில் 5.7க்குக் கீழே இருந்தால் சரியான அளவு. 6.5 அல்லது அதற்கு மேல் போனால் சர்க்கரை நோய். இடைப்பட்டது எச்சரிக்கை நிலை. உங்கள் அம்மா அந்த இடைவெளியின் நடுவில் நிற்கிறார். ஒரு விஷயத்தை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். நம் பக்கத்துப் பெண்களுக்கு ரத்தசோகை அதிகம். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் இந்த எண் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டலாம். அதனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபினையும், வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை வந்தால் இதே எச்சரிக்கை நிலைதான். 126ஐத் தொட்டால் டாக்டரைப் பார்த்து இன்னொரு முறை பரிசோதித்து உறுதிசெய்ய வேண்டும்.

இந்த நிலையிலிருந்து திரும்ப முடியுமா என்றால், முடியும். அதற்கு நம் மக்களிடமே ஆதாரம் இருக்கிறது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் இதே நிலையில் இருந்த 531 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2006இல் வெளியிட்டார்கள். எதையும் மாற்றாதவர்களில் மூன்று வருடத்தில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடையையும் சாப்பாட்டையும் மாற்றியவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று, மாற்றிக்கொண்டவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை. ஆனாலும் பலன் கிடைத்தது. எடை மிஷினில் ஏறிப் பார்த்துவிட்டு "ஒண்ணும் குறையலியே" என்று அம்மா சோர்ந்து உட்கார்ந்தால் இதைச் சொல்லுங்கள்.

சரி, நடை ஏன் நின்றது? அம்மாவுக்கு மனஉறுதி இல்லை என்று நீங்கள் நினைத்தால் அது அநியாயம். இத்தனை வருடம் விடியலில் எழுந்து இலை வெட்டி, அடுப்படியையும் கவனித்து, கணக்கு முடித்துக் கொடுக்கிறவரிடம் உறுதிக்கு என்ன குறை? சிக்கல் நேரத்தில் இருக்கிறது. காலை ஐந்தரை மணி என்பது குழாயில் தண்ணீர் வரும் நேரம், உலை வைக்கும் நேரம், இலையை நனைத்து வைக்கும் நேரம். பீடிக்கு எண்ணிக்கைக் கூலி. அரை மணி நேரம் நடந்தால் அரை மணி நேரக் கூலி போகிறது. உடம்புக்கு நல்லது என்று நாம் சொல்வது அவருக்கு வாரக் கணக்கில் குறைகிற காசாகத்தான் தெரியும். அதனால் கூலியில் கை வைக்காத நேரமாகப் பார்த்துப் புதுப் பழக்கத்தைப் பொருத்த வேண்டும். ஏற்கெனவே தவறாமல் நடக்கிற ஒரு வேலையோடு அதைச் சேர்த்துக் கட்டிவிட வேண்டும். அப்படிக் கட்டினால் தினமும் நினைவுபடுத்த ஆள் தேவைப்படாது.

முதலில் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்போம். உண்மையில் நடையைவிட இதுதான் அம்மாவுக்குப் பெரிய விஷயம். காலை மடக்கி, மடியில் சுளகை வைத்து, முதுகைக் குனிந்து மணிக்கணக்கில் ஒரே இருப்பு. தொடைத் தசை வேலை செய்தால்தான் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை உள்ளே இழுக்கும். மணிக்கணக்கில் அசையாமல் இருந்தால், சாப்பிட்டது ரத்தத்திலேயே தங்கும். "அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திரும்மா" என்று சொன்னால் நடக்காது, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பீடி சுற்ற முடியாது. அதற்குப் பதில் இப்படிச் செய்யுங்கள். புகையிலைத் தூள் பையை அவர் கைக்கெட்டும் இடத்தில் வைக்காமல் அறையின் அடுத்த மூலையில், ஸ்டூல் மேல் வையுங்கள். சுளகில் ஒரு கை தூள் மட்டும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். தூள் தீர்ந்தால் எழுந்துதான் எடுக்க வேண்டும். தண்ணீர்ச் செம்பும் அடுப்படியிலேயே இருக்கட்டும். எழுந்த கையோடு வாசல் வரை ஒரு நடை போய் வந்தால் இரண்டு நிமிடம். முதுகுவலிக்கும் இது நல்லது. முட்டி வலிக்கிறது என்றால், தரையில் சம்மணம் போடுவதற்குப் பதிலாகச் சுவரோரம் பலகை போட்டுச் சாய்ந்து உட்கார்ந்து, காலை அவ்வப்போது நீட்டிக்கொள்ளலாம்.

இங்கே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சாப்பிடவோ டீ குடிக்கவோ எழும்போது சோப்பு போட்டு முழங்கை வரை கை கழுவ வேண்டும். புகையிலைத் தூள் கையில் ஒட்டிக்கொண்டு சோற்றோடு உள்ளே போவதை நான் நிறையப் பேரிடம் பார்க்கிறேன். சுளகைச் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். சின்னப் பிள்ளைகள் தூங்கும் இடத்திலும் வேண்டாம்.

அடுத்தது நடை. காலையை விட்டுவிடுங்கள், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வையுங்கள். 60 வயதைத் தாண்டியவர்களை வைத்து 2013இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் 15 நிமிடம் நடந்தது, ஒரே தடவையில் 45 நிமிடம் நடந்ததற்கு ஈடாக நாள் முழுவதும் சர்க்கரையைக் கட்டுப்படுத்தியது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறுகிற சர்க்கரையை அடக்குவதில் அதைவிடவும் நன்றாகவே வேலை செய்தது. அம்மா மூன்று வேளையும் போக வேண்டாம், ராத்திரி ஒரு வேளை போதும். கடைசித் தட்டைக் கழுவிக் கவிழ்த்ததும் செருப்பைப் போடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டு கழுவுவது எந்த நாளும் நிற்காது, நடையும் அதோடு ஒட்டிக்கொள்ளும். தனியாகப் போக மனம் வராது, அதற்குத்தான் பக்கத்து வீட்டுக்காரர். "மதினி, வாரியளா? கோயில் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வருவோம்" என்று ஒருவர் வாசலில் நின்று கூப்பிட்டால் மறுக்கிறவர்கள் குறைவு. முதல் வாரம் தெருமுனை வரை போய்த் திரும்பினாலே போதும். பத்து நிமிடம் பழகிய பிறகு தானாக நீளும். தெருவிளக்கு இல்லாத பக்கம் போக வேண்டாம், டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெரு சகதியாகிவிடும். அந்த நாட்களில் வீட்டுக்குள்ளேயே முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் பத்து நிமிடம் நடக்கலாம், அல்லது நாற்காலியில் பத்துப் பத்துத் தடவையாக உட்கார்ந்து எழலாம். மழைக்கு என்ன செய்வது என்று இப்போதே பேசி வைத்துவிடுங்கள். மழை வந்த பிறகு யோசித்தால் பழக்கம் நின்றுவிடும்.

சாப்பாட்டில் நான் முதலில் கை வைப்பது டீயில். பீடி சுற்றுகிறவர்கள் தூக்கம் வராமலிருக்க டீ குடிப்பார்கள். நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால் நாற்பது கிராமுக்கு மேல் வந்துவிடும். 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரேயடியாக நிறுத்தினால் நாலாம் நாள் பழையபடி இரண்டு ஸ்பூன் விழும். ஒன்றரை, அப்புறம் ஒன்று, அப்புறம் அரை என்று இரண்டு வாரத்துக்கு ஒரு படி இறங்குங்கள். நாக்கு பழகிக்கொள்ளும். கருப்பட்டியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. உடன்குடிக் கருப்பட்டி நம் பெருமைதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் அதிலும் பெரும்பங்கு அதே சர்க்கரைதான். "கருப்பட்டிக் காப்பி, அதனால ஒண்ணும் செய்யாது" என்று மூன்று தடவை குடிப்பவர்களுக்கும் ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்கிறது. பதநீருக்கும் பனங்கற்கண்டுக்கும் இதே கணக்குதான்.

தினையையும் வரகையும் நினைத்து வருத்தப்படாதீர்கள். ரேஷன் அரிசி பொங்கும் வீட்டில் அதையே பொங்கட்டும். அளவையும் வரிசையையும் மாற்றினால் போதும். தட்டில் முதலில் சோற்றைப் போடாமல், பொரியலையும் கூட்டையும் போடுங்கள், தட்டில் பாதி. முருங்கைக்கீரை, அவரைக்காய், வாழைத்தண்டு, புடலங்காய் என்று அந்தந்தப் பருவத்தில் விலை குறைந்தது எதுவோ அது. கால் தட்டுக்குப் பாசிப்பயறு, முட்டை, சாளை மீன் மாதிரி ஏதாவது ஒன்று. மிச்சம் கால் தட்டுதான் சோற்றுக்கு. தை மாதம் சிறுகிழங்கு வந்ததும் நாம் அதைக் காய் என்று நினைத்து ஒரு குவியல் எடுத்துக்கொள்கிறோம். அது மாவுச்சத்து, அன்றைக்குச் சோற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் அம்மா எப்போது சாப்பிடுகிறார்? எல்லாரும் எழுந்த பிறகு, சட்டியில் மிச்சமிருப்பதைத்தான் என்றால், அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் சோறும் குழம்பும்தான். பொரியல் பிள்ளைகளோடு தீர்ந்திருக்கும். மிஞ்சியதை வீணாக்கக் கூடாதென்று வயிறு நிறைந்த பிறகும் ஒரு கரண்டி போட்டுக்கொள்வார். அம்மாவின் பங்குக் காயை முதலிலேயே ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வையுங்கள். முடிந்தால் எல்லாரும் ஒன்றாக உட்காருங்கள். நான் சொல்வதில் இது ஒன்றை மட்டும் செய்தாலும் எனக்குச் சந்தோஷம்.

இனி உங்களுக்கு. "அதைத் தின்னாதே, இதைத் தின்னாதே" என்று காவல் காத்தால் அம்மா உங்களுக்குத் தெரியாமல் தின்பார், அவ்வளவுதான் நடக்கும். வாயால் சொல்வதைக் குறைத்துக் கையால் செய்யுங்கள். சர்க்கரை டப்பாவில் சின்ன ஸ்பூன் போடுங்கள், காயை நறுக்கிக் கொடுங்கள், ராத்திரி நடைக்கு நீங்களும் கிளம்புங்கள். தாத்தாவுக்குச் சுகர் இருந்தது, அம்மா எச்சரிக்கை நிலையில் இருக்கிறார், அதனால் உங்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். இது வீட்டுக்கே ஆன சாப்பாடு, அம்மாவுக்கு மட்டும் தனிப் பத்தியம் வேண்டாம். ராத்திரி பதினொரு மணிவரை பீடி சுற்றிவிட்டு நாலு மணிக்கு எழுந்தால் சர்க்கரை கட்டுக்குள் நிற்காது. முடிந்த நாளில் நீங்கள் கொஞ்சம் நூல் கட்டிக் கொடுத்தால் அவருக்கு ஒரு மணி நேரத் தூக்கம் கூடும்.

எத்தனை நாளில் பழக்கமாகும் என்று கேட்பீர்கள். இருபத்தொரு நாள் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். லண்டனில் இதை அளந்து பார்த்தபோது நடுவாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை போகும் என்று கணக்கிட்டார்கள். ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் கெடவில்லை என்பதையும் அந்த ஆய்வில் பார்த்தார்கள். ஆனித் தேரோட்டத்துக்கு டவுனுக்குப் போனோம், சொந்தக்காரர் கல்யாணத்தில் அல்வாவும் சொதியும் சாப்பிட்டோம் என்றால் குற்றமில்லை. மறுநாள் ராத்திரி தட்டைக் கழுவியதும் செருப்பைப் போட்டால் சரி.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். இந்த வாரம் தூள் பையை மூலைக்கு மாற்றுங்கள். அது பழகியதும் ராத்திரி நடை, அப்புறம் டீ, அப்புறம் தட்டு. மூன்று மாதம் கழித்து அதே பரிசோதனையை எடுங்கள். 6.1 அங்கேயே நின்றாலும் தோல்வி இல்லை, ஏறாமல் நின்றதே வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம். இடையில் அளவுக்கு மீறித் தாகம், ராத்திரி அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் எடை குறைவது, காலில் மரத்துப்போவது, ஆறாத புண் இவற்றில் எது தெரிந்தாலும் மூன்று மாதம் காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். போகும்போது பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.