கெடிலமும் தென்பெண்ணையும் கொட்டுவது நல்ல தண்ணீர்தானே, கடலூர்க் கடல் மட்டும் ஏன் கரிக்கிறது?

ஆற்று நீரிலும் உப்பு உண்டு. நாக்குக்குத் தெரியாத அளவு, அவ்வளவுதான். மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகி, பாறைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிறது. அந்தச் சரக்கைத்தான் ஆறுகள் கடலில் சேர்க்கின்றன. வெயிலில் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே.

வேடிக்கை என்னவென்றால், ஆற்றில் அதிகம் வருவது சோற்று உப்பு இல்லை, கால்சியமும் பைகார்பனேட்டும்தான். சரி, அவை எங்கே போகின்றன? சிப்பியும் பவளமும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் ஓடு கட்ட எடுத்துக்கொள்கின்றன. தேவனாம்பட்டினம் மணலில் காலைக் குத்தும் கிளிஞ்சல் இருக்கிறதே, அது அந்தக் கால்சியம்தான். சோற்று உப்பின் இரண்டு பாகங்களான சோடியத்தையும் குளோரைடையும் அப்படி அள்ளிக்கொள்ள ஆளில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகள் தங்கிவிடுகின்றன. (குளோரைடில் பெரும்பங்கு பழைய எரிமலை வாயுக்களின் உபயம்.) அதனால் சராசரியாக ஒரு கிலோ கடல்நீரில் 35 கிராம் உப்பு, அதில் குளோரைடு சுமார் 19 கிராம், சோடியம் சுமார் 11. வாயில் பட்டால் ஒரு கசப்பும் தெரிகிறதே, அது மக்னீசியத்தின் வேலை.

நம் வங்கக் கடல் இந்தச் சராசரியைவிடக் கரிப்பு குறைந்தது. அதிலும் கார்த்திகை வாக்கில் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே ஓடும். கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி நீர் கலந்த மேல்மட்டத் தண்ணீர் அதோடு இறங்கிவரும். அப்போது இங்கே உப்பு இன்னும் குறைவதற்குக் கெடிலத்து வெள்ளம் மட்டும் காரணம் இல்லை.